எரர் காட்டாத கதவு

அலுவலகத்தில் அவருக்குக் கதவண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. கட்டடங்களை வரைந்து கொடுக்கும் நிறுவனம் அது. தலை நரைக்கும்வரை அங்கே உட்கார்ந்திருந்தும் அவர் முழுதாக ஒரு கட்டடத்தை வரைந்ததில்லை. கதவு மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு கதவு. வருஷக்கணக்காக ஒரே கதவைச் செதுக்கிக்கொண்டிருக்கும் மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவது? கேலியாக வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம், "இங்க எல்லாரும் என்னைக் கதவண்ணன்னுதான் சொல்வாங்க" என்று தானே முந்திக்கொண்டு அறிமுகம் செய்துகொள்வார். யாராவது தன்னைப் பற்றிப் பேசினால் போதும், நல்லதாகவா கெட்டதாகவா என்று அலசிப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

அந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுவது நல்லது. கம்ப்யூட்டரில் கட்டடம் வரைகிறபோது ஒவ்வொரு கதவையும் கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தால், கட்டடம் எழும்புவதற்குள் வரைகிறவர் ஓய்வு பெற்றுவிடுவார். அதனால் ஒரே ஒரு கதவைச் செய்து, அதற்கு அகலம், உயரம், கனம் என்று கட்டங்கள் வைத்துவிடுவார்கள். கட்டத்தில் எண்ணை மாற்றினால் நிலை, பலகை, கீல், பூட்டு எல்லாம் தாமாகவே நீண்டோ சுருங்கியோ அந்த அளவுக்கு வந்து நிற்கும். சுவரில் அதற்கான திறப்பும் தானே வெட்டிக்கொள்ளும். மொத்தம் எத்தனை கதவு, எந்தெந்த அளவு என்ற பட்டியலும் தானே தயாராகும். கதவைச் செய்தவர் பின்னால் ஏதாவது திருத்தினால், அதை எடுத்துப் போட்டிருக்கும் எல்லா வரைபடத்திலும் அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேரும். அலுவலகத்தில் இதைக் காம்பொனென்ட் என்பார்கள், இவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் தொகுப்பை நூலகம் என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது, கதவண்ணன் கையில் சிக்கும்வரை.

மற்றவர்களாக இருந்தால் நாலைந்து கட்டத்தோடு விட்டிருப்பார்கள். இவர் கதவைத் திறந்தால் கட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். கைப்பிடி எந்த உயரத்தில், கைப்பிடியின் கழுத்து எவ்வளவு வளைய வேண்டும், சாவித் துவாரத்துக்கு மூடி உண்டா, மூடி எந்தப் பக்கம் நகரும் என்று ஒன்றுவிடாமல் கேட்கும். ஒரு குளியலறைக்குக் கதவு போட நினைத்தவர், கடன் கேட்டு வங்கிக்குப் போனவர் போல முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விவரம் தெரியாமல் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, சும்மா ஒரு கதவு வேணும்னா என்ன பண்ணணும்?"

"சும்மா ஒரு கதவா?" என்று அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

தன் கதவைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் மடையர்கள் என்பது அவருடைய முடிந்த முடிவு. பயன்படுத்தாதவர்கள் அதைவிடப் பெரிய மடையர்கள். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து போன் செய்கிறவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்கள் என்ன சந்தேகம் கேட்டாலும் ஒரே பதில்தான். "டிராயிங்ல என்ன இருக்கோ அதைப் பண்ணுங்க. யோசிக்கிறதுக்கு இங்க ஆள் இருக்கு." சொல்லிவிட்டுப் போனை வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். பக்கத்து மேசைக்காரர்கள் கேட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்தும் கொள்வார்.

இத்தனை கதவுக்குச் சொந்தக்காரரான அவருக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. பிறந்து வளர்ந்தது ஒற்றை அறை வீட்டில். அறைக்கு நடுவே ஒரு திரைச்சீலை தொங்கும். அந்தப் பக்கம் அப்பா அம்மா, இந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள். பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மாடிப்படித் திருப்பத்தில்தான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் புத்தகத்தைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். கல்யாணமாகி வந்த வீட்டில் இருந்தது ஓர் அறையும் ஒரு கூடமும். அறையை மாமியாரும் இவருடைய மகளும் எடுத்துக்கொண்டார்கள், கூடத்தில் இவரும் மனைவியும். மிச்சமிருந்த ஒரே கதவு குளியலறையுடையது. அதையும் சாத்தி இரண்டு நிமிஷம் ஆவதற்குள் மாமியார் தட்டுவாள்.

"மாப்பிள்ளை, உள்ளயே தூங்கிட்டீங்களா?"

அலுவலகத்திலும் அதே கதைதான். பெரிய கூடம், வரிசையாக மேசைகள், கழிப்பறைக்குப் போகும் வழியில் அவருடைய மேசை. போகிறவர்கள் அவசரத்தில் பார்க்காமல் போவார்கள். வருகிறவர்கள் ஆற அமர அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். தனக்கென்று ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, உள்ளே போய் அதைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவருடைய வாழ்நாள் ஆசை இவ்வளவுதான். இதைக் கேட்டு யாருக்கும் சிரிக்கத் தோன்றாது. அந்த அறைக்கு வெளியே தொங்க வேண்டிய பலகையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதையும் அவர் முடிவு செய்து வைத்திருந்தார் பாருங்கள், 'காம்பொனென்ட் நூலகத் தலைவர்' என்று, அங்கேதான் சிரிப்பு வரும். அப்படி ஒரு பதவியே அந்த நிறுவனத்தில் இல்லை. நிறுவனத்தை நடத்தும் மேடத்திடம் அவரே எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

காத்திருந்த காலத்தில்தான் அந்த மானக்கேடு நடந்தது. மேடம் ஒருநாள் வெளியாட்கள் சிலரை உட்கார வைத்துத் திரையில் கதவைப் போட்டுக் காட்டினார். சுவர் சின்னது, கதவு பெரியது. உடனே சிவப்பாக ஒரு பெட்டி எழும்பி நின்றது. இடம் போதாத இடத்தில் யாராவது கதவைப் போட்டால் காட்டுவதற்காகக் கதவண்ணன் தன் கையாலேயே எழுதி வைத்திருந்த வாசகம் அதில் இருந்தது. மேடம் அதைச் சத்தமாக வாசித்தார்.

"இங்கே இடம் போதாது. கொஞ்சம் யோசித்துப் போடவும்."

வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "யாரு இதை எழுதினது? எனக்கே புத்தி சொல்லுதே!" என்று மேடமும் சிரித்தார். பெட்டியில் 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. மடையர்கள் வேறென்ன பதில் சொல்லப் போகிறார்கள் என்று இரண்டாவது பொத்தான் அவர் வைக்கவில்லை. மேடம் 'சரி'யை அழுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பின்னால் நின்றிருந்த கதவண்ணனுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை வியர்த்தது. கனவு கண்ட அறை சுவர் சுவராகக் கழன்று விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

புத்தியுள்ளவர் வாசகத்தைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதியிருப்பார். இவர் மறுநாள் காலை பெட்டியையே தூக்கிவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு சூத்திரம் எழுதினார். இடம் போதவில்லை என்றால் கதவு கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும், சுவரின் திறப்பும் மூடிக்கொள்ளும். எரர் வராது, சிவப்புப் பெட்டி வராது, யாரும் சிரிக்க மாட்டார்கள். வரைபடத்தில் வெறும் சுவர்தான் தெரியும். பட்டியலில் மட்டும் அந்தக் கதவு ஆள் இல்லாத வீட்டு ரேஷன் அட்டை போல இருந்துகொண்டே இருக்கும். பூசி மெழுகுவதற்கும் ஒரு திறமை வேண்டும், அது அவரிடம் நிறையவே இருந்தது.

அடுத்த மேசையில் இருந்த ஜன்னலக்கா இதைப் பார்த்துவிட்டாள். அவள் ஜன்னல் காம்பொனென்ட் செய்கிறவள்.

"அண்ணே, பத்தலன்னா பத்தலன்னு சொல்லணும். சொல்லாம ஒளிஞ்சுக்கிட்டா போட்டவனுக்கு எப்படித் தெரியும்?"

"கதவு போடத் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

"தெரியாதவனுக்கு?"

"அவன் எதுக்குக் கதவு போடுறான்? உங்க ஜன்னல் மாதிரி தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜன்னலக்காவின் ஜன்னல் எதற்கெடுத்தாலும் ஒரு பெட்டியை எழுப்பும். இவ்வளவு உயரத்தில் வேண்டுமா, நிச்சயமாகவா, வெயில் படுமே பரவாயில்லையா என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கும். ஒரு ஜன்னல் போடுவதற்குள் மனிதன் சுவரே போதும் என்று முடிவுக்கு வந்துவிடுவான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தன் ஜன்னலைப் பற்றி யாராவது முனகினால், "உங்க நல்லதுக்குத்தான் கேக்குது" என்பாள். இந்த இரண்டு பேருக்கும் நடுவே அந்த அலுவலகம் கட்டடங்களை வரைந்து முடித்ததே பெரிய காரியம்தான்.

அடுத்த கூட்டத்தில் கதவண்ணன் எழுந்து நின்று, "இனிமே என் கதவு எரரே காட்டாது" என்று அறிவித்தார். மேடம் கைதட்டினார், அதனால் எல்லாரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அந்தக் கதவு எல்லா வரைபடத்திலும் போய் உட்கார்ந்தது. ஏன் எரர் காட்டவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தொந்தரவு கொடுக்காத பொருளை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் துடைப்பம் வைக்கும் அறை ஒன்று வாசலே இல்லாமல் எழும்பிவிட்டது. கட்டியவர்கள் சுவரை உடைத்து வாசல் வைத்துக்கொண்டார்கள். விசாரணை வந்தபோது கதவண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். "போட்டவன் அகலத்தைத் தப்பா அடிச்சிருக்கான்." போட்ட பையனுக்கு வசவு விழுந்தது. கதவண்ணன் அன்றைக்கு வழக்கத்தைவிட இன்னொரு டீ சேர்த்துக் குடித்தார். அந்த வரி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று இடங்களில் அதையே பயன்படுத்தினார். மறுபடியும் மறுபடியும் பயன்படும்படி செய்வதுதானே அவர் தொழில்.

கடைசியில் காலம் கனிந்தது. நிறுவனம் மேல்மாடியையும் எடுத்துக்கொண்டு, தனக்கான புதிய அலுவலகத்தைத் தானே வரைந்துகொண்டது. மேடம் அவரைக் கூப்பிட்டு, "மூலையில இருக்கிற கண்ணாடி அறை உங்களுக்கு. நீங்க கேட்ட பதவியும்தான்" என்றார். கதவண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. படியில் இறங்கும்போது, எதிரே வந்த துப்புரவுப் பணியாளருக்கு முதல் தடவையாக வணக்கம் சொன்னார். அந்த அம்மாள் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்ட முதல் கேள்வி, "கதவு இருக்குமா?" என்பதுதான். மருந்துக்கடைக் கல்லாவில் நாள் முழுக்க நிற்கிறவள் அவள். கூடத்தில் பாயை விரித்துப் படுத்தபடி அவர் எத்தனை தடவை அந்தக் கதவைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"இருக்குமாவா? என் கதவே அங்கதான் வரப்போகுது."

"நல்லவேளை. ஆபீஸ்லயாவது நிம்மதியாத் தூங்குங்க மாப்பிள்ளை" என்றாள் மாமியார் உள்ளறையிலிருந்து. அவளுக்குக் கதவு சாத்தியிருந்தாலும் எல்லாம் காதில் விழும். மனைவி சிரித்தாள், ஆனால் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஓர் அறை கிடைத்துவிட்டால் இந்த மனிதர் எல்லார் மேலும் எரிந்து விழுவது கொஞ்சம் குறையும் என்று அவள் நம்பினாள். கல்யாணமான நாள் முதலாக அவள் நம்பிக்கொண்டிருந்த பல விஷயங்களில் அதுவும் ஒன்று.

கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மேல்மாடி அறைகளுக்கெல்லாம் ஒரே அகலக் கதவுதான், மேடத்தின் அறைக்கும் அதேதான். இது கதவண்ணனை அரித்தது. கதவையே கண்டுபிடித்தவர் போல நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர் எல்லாரையும் போன்ற கதவு வழியாகவா உள்ளே போவது? யாரும் பார்க்காத நேரமாகப் பட்டியலைத் திறந்து, தன் அறைக் கதவின் அகலத்தை மட்டும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டினார். பலகையை நல்ல மரம் என்றும் மாற்றினார். வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை. எண்ணை மாற்றினால் எல்லாம் மாறிக்கொள்ளும், வரைபடத்தைப் பார்ப்பது நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி.

அவருடைய அறைக்கு வாசல் வர வேண்டிய இடம் ஒரு தூணுக்கும் கண்ணாடி மூலைக்கும் நடுவே இருந்த சின்னத் துண்டு. பழைய அகலத்துக்கே இழுத்துப் பிடித்துத்தான் இடம் இருந்தது. புது அகலத்தைப் பார்த்ததும் கதவு அவர் சொல்லிக்கொடுத்தபடியே நடந்துகொண்டது. சத்தம் காட்டாமல் மறைந்தது. திறப்பு மூடிக்கொண்டது. அந்த இடத்தைக் கண்ணாடி நிரப்பியது. பட்டியலில் மட்டும் அகலமான கதவு ஒன்று ஜம்மென்று நின்றது.

வரைபடத்தை அச்செடுத்து அனுப்பியவள் அந்தப் பழைய 'சும்மா ஒரு கதவு' பெண்தான். மூலை அறைக்கு வழி இல்லையே என்று அவள் கண்ணில் பட்டது. கதவண்ணனின் அறை, கதவண்ணனின் கதவு, அதில் ஏதாவது ரகசிய வித்தை இருக்கும், கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மடித்து உறையில் போட்டாள். அவளைக் குறை சொல்ல வழியில்லை.

கண்ணாடி பொருத்துகிறவர் கேட்காமல் விடவில்லை. அவர் போன் செய்தபோது கதவண்ணன் மனைவியோடு நாற்காலிக் கடையில் இருந்தார். அலுவலகம் கொடுக்கும் நாற்காலி தன் அந்தஸ்துக்குப் போதாது என்று சொந்தச் செலவில் ஒன்று வாங்க வந்திருந்தார். உயர்ந்த முதுகு வைத்த ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மேல்மாடியில ஒரு ரூமுக்கு வழியே இல்ல சார். சுத்திக் கண்ணாடிதான் இருக்கு."

"டிராயிங்ல வழி இருக்கா?"

"அதான் சார், இல்ல. ஆனா லிஸ்ட்படி ஒரு கதவு கூடுதலா வந்திருக்கு. பெரிய கதவு."

"டிராயிங்ல இல்லன்னா இல்ல. டிராயிங்ல என்ன இருக்கோ அதைப் பண்ணுங்க. யோசிக்கிறதுக்கு இங்க ஆள் இருக்கு."

"கதவை என்ன சார் பண்றது?"

"எங்கயாவது ஓரமா வைங்க. அதையும் நானா வந்து தூக்கி வைக்கணும்?"

கண்ணாடிக்காரருக்கு இவரிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. போன கட்டடத்தில் கேட்ட சந்தேகத்துக்கு நாலு பேர் நடுவில், "பள்ளிக்கூடம் போயிருக்கீங்களா?" என்று கேட்டிருந்தார் கதவண்ணன். இப்போது கண்ணாடிக்காரர் குரல் தேனாக இனித்தது.

"சரி சார். அப்ப மேசை, நாற்காலி எல்லாம் முதல்ல உள்ள வெச்சுட்டு, கடைசிக் கண்ணாடியை வெளிய இருந்து மாட்டிடுறோம் சார். நீங்க சொன்னதை அப்படியே ஒரு மெசேஜா அனுப்பிடுங்க, போதும்."

கதவண்ணன் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டே அனுப்பியும் வைத்தார். எந்த அறை என்று கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மனைவி, "என்னங்க, என்ன விஷயம்?" என்றாள். "எவனோ ஒருத்தனுக்குச் சொந்தப் புத்தி இல்ல. இந்த நாற்காலி எப்படி இருக்கு?" என்றார்.

திறப்பு நாளுக்கு மனைவி அரை நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். மேடம் முன்னால் நடக்க, அலுவலகமே பின்னால் போக, ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு மூலைக்கு வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசை பளபளத்தது. உயர்ந்த முதுகு நாற்காலி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. மேசைமேல் அவரே செய்யக் கொடுத்திருந்த பலகை, 'காம்பொனென்ட் நூலகத் தலைவர்' என்று எழுத்து வெளியே தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது.

கதவண்ணன் மிடுக்காகக் கையை நீட்டினார். கை கண்ணாடியில் இடித்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார், அங்கேயும் கண்ணாடி. தூண்வரை தடவிக்கொண்டே போனார், மூலை திரும்பி மறுபக்கமும் தடவிக்கொண்டே போனார், சுவர் வந்துவிட்டது. திரும்பி வந்தார். விரல் தடங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அவருடைய திறமையை முழுதாக நம்பிய ஒரே ஆள் மனைவிதான். இது ஏதோ புதுவகைக் கதவு என்று நினைத்து அவள் முன்னால் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்தாள்.

"என்னங்க, எந்தப் பக்கம் தள்ளணும்?"

பின்னால் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். அது போதுமானதாக இருந்தது. அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அவிழ்த்து விட்டது போல வந்தது. நடைவழி ஓரத்தில் ஒரு மரக் கதவு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேடம் அதன் அருகே போய்க் கையால் அளந்து பார்த்தார்.

"இது என் ரூம் கதவைவிடப் பெரிசா இருக்கே?"

கண்ணாடிக்காரர் கூப்பிடுவதற்கு முன்பே வந்து போனை நீட்டினார். மேடம் மெசேஜைப் படித்தார். படித்துவிட்டு, "சரி, டிராயிங்ல இருந்த கதவு எங்க போச்சு? யாரு என்ன பண்ணினது?" என்றார். கதவண்ணன் வாயைத் திறந்தார். வழக்கமான வரி நாக்கு நுனியில் தயாராக நின்றது. போட்டவன் அகலத்தைத் தப்பா அடிச்சிருக்கான். அகலத்தை அடித்தவர் யார் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது. மேடம் பார்த்ததோ அலுவலகம் சிரித்ததோகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மனைவி கண்ணாடியிலிருந்து கையை எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்தக் கண்ணாடியை ஒட்டியாகிவிட்டது, கழற்றவும் முடியாது, வெட்டவும் முடியாது, வெட்டினால் பொடிப்பொடியாகிவிடும், புதிதாகத்தான் செய்து வர வேண்டும் என்றார்கள். "அதுவரைக்கும் உங்க பழைய இடத்துலயே இருங்க. வந்ததும் அதை மீட்டிங் ரூமா மாத்திக்கலாம். தலைவர் பதவியெல்லாம் அப்புறம் பார்ப்போம்" என்றார் மேடம். அப்புறம் என்றால் அந்த அலுவலகத்தில் எப்போதும் இல்லை என்று அர்த்தம். விளக்கின் சுவிட்ச் அறைக்கு உள்ளே இருந்ததால் அதை யாராலும் அணைக்க முடியவில்லை. காலி நாற்காலிமேல் அது இரவும் பகலும் எரிந்தது. ஆட்கள் டீ கோப்பையோடு மாடியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

படியிறங்கும்போது மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நாற்காலிக் கடையில, எந்த ரூம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"



மறுநாள் கதவண்ணன் யாரிடமும் பேசாமல் கதவைத் திறந்து, மறைந்துகொள்ளும் சூத்திரத்தை அழித்தார். பழைய சிவப்புப் பெட்டியைத் திரும்ப வைத்தார். வாசகத்தை மாற்றும் தெம்பு இல்லை, அப்படியே விட்டார். சேமித்தார். அடுத்த நொடி மேல்மாடி வரைபடம் அவர் முகத்துக்கு நேராகக் கத்தியது. 'இங்கே இடம் போதாது. கொஞ்சம் யோசித்துப் போடவும்.' கீழே ஒரே பொத்தான். அவர் வேறு பொத்தான் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். தான் வைத்தால்தானே இருக்கும்? 'சரி'யை அழுத்தினார்.

அத்தோடு முடிந்திருந்தால் தேவலை. ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா வரைபடத்துக்கும் போய்ச் சேரும் என்று அவரேதான் ஊரெல்லாம் பெருமை பேசியிருந்தார். போய்ச் சேர்ந்தது. எதிர் வரிசையில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பியது. அதற்கு அடுத்த மேசையில் இரண்டு. பள்ளிக்கூடம், நூலகம், குடியிருப்பு, பஸ் நிலையம் என்று எங்கெல்லாம் அவர் கதவு சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டிருந்ததோ அங்கெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்து நின்றது. "கொஞ்சம் யோசித்துப் போடவும்" என்று யாரோ உரக்கப் படித்தார்கள். இன்னொருவர் படித்தார். கூடம் முழுக்கத் தலைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின. முன்னொரு நாள் அவருக்காக வசவு வாங்கிய பையன் மட்டும் திரும்பவில்லை. தன் திரையையே பார்த்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஜன்னலக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு வேண்டாமென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவருடைய மேசைப் போன் அடித்தது. எழுந்து போய்ச் சாத்திக்கொள்ள எங்கேயும் ஒரு கதவு இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எடுத்தார். எங்கோ கட்டட வேலை நடக்கும் சத்தம் கேட்டது.

"சார், இங்க ஒரு ரூமுக்கு வழியைக் காணோம் சார்..."



"எந்த ரூம்?" என்று கதவண்ணன் கேட்டார்.



"மன்னிச்சுக்கங்க, ராங் நம்பர் போல" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போனை வைத்துவிட்டார்.